தென் கொரியா எழுந்தது எப்படி, மற்றவர்கள் தேங்கியது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் பொருளாதாரப் பாடம் எடுக்கிறேன். எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் சற்று நேரத்தில் யாராவது ஒருவர் தென் கொரியாவை இழுத்துவிடுவார். அதன் பிறகு வகுப்பை மீட்பது கடினம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உலகின் எல்லா நாடுகளுக்கும் பொருந்துகிற சூத்திரம் இதில் இல்லை. ஒரு நாட்டை நெருங்கிப் பார்த்து, அதன் பக்கத்தில் வேறு சில நாடுகளை நிறுத்திப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாடு வளர்கிறது என்றால் என்ன? சாலையும் கட்டடமும் பெருகுவதா?

சாலையும் கட்டடமும் விளைவுகள். ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பையும் மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு தொகை வரும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும் அந்தத் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தால் அது வளர்ச்சி. யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தச் சராசரி சொல்லாது. அந்தக் குறையோடுதான் இதைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும் நாட்டின் வருமானம் இரட்டிப்பாக 35 ஆண்டுகள் ஆகும். 7 சதவீதம் வளர்ந்தால் பத்தே ஆண்டுகள் போதும்; அதே 35 ஆண்டுகளில் வருமானம் 10 மடங்கைத் தாண்டிவிடும். 1960-ஐ ஒட்டித் தென் கொரியரின் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 150 டாலர். ஆப்பிரிக்காவின் கானாவும் அப்போது அதே படியில், சற்று மேலேகூட, நின்றது. இன்று தென் கொரியாவில் அது 30,000 டாலருக்கு மேல். கானாவில் 2,000 டாலரை ஒட்டித்தான். டாலரின் மதிப்பு இடையில் சரிந்ததைக் கணக்கில் எடுத்தாலும் இந்த இடைவெளி மறைவதில்லை.

கொரியர்கள் இயல்பிலேயே உழைப்பாளிகள். அதுதானே காரணம்?

வகுப்பில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவதும் இதுதான். 1890-களில் கொரியாவில் பயணம் செய்த ஆங்கிலேயப் பெண்மணி இசபெல்லா பேர்ட், அந்த மக்களைச் சோம்பேறிகள் என்றுதான் முதலில் முடிவு கட்டினார். பிறகு எல்லைக்கு அப்பால் ரஷ்ய மண்ணில் குடியேறியிருந்த கொரியர்களைப் பார்த்தார். அங்கே அவர்கள் நல்ல வீடும் கால்நடையும் நிறைந்த களஞ்சியமுமாக வாழ்ந்தார்கள். சொந்த நாட்டில் ஒருவன் நாலு காசு சேர்த்தால் அதிகாரி வந்து பிடுங்கிக்கொள்வான். எல்லைக்கு அப்பால் அப்படிப் பிடுங்க ஆளில்லை. மக்கள் மாறவில்லை, உழைத்தால் மிஞ்சுமா என்ற கணக்குதான் மாறியது.

இன்னும் கண்கூடான சான்று வடக்கும் தெற்கும். ஒரே மொழி, ஒரே உணவு, ஒரே முன்னோர். பிரிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. வடகொரியர்கள் உழைக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் வடக்கு ஏன் பின்தங்கியது? கம்யூனிசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம், ஆனால் பாதிக் கதை விடுபட்டுப்போகும். 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்து 38-ஆம் அட்சக்கோட்டில் நாடு பிளந்தபோது, நல்ல பங்கு கிடைத்தது வடக்குக்குத்தான். கனிமங்கள், நீர்மின் நிலையங்கள், ஹுங்னாமில் இருந்த மாபெரும் உரத் தொழிற்சாலை எல்லாம் அங்கே. தெற்கில் பெரும்பாலும் நெல் வயல்கள். 1948 மே மாதம் வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தபோது தெற்கின் ஆலைகள் முடங்கின. 1950 முதல் 1953 வரை நடந்த போர் இரண்டு பக்கத்தையும் தரைமட்டமாக்கியது. அதன் பிறகும் 1970-களின் தொடக்கம் வரை வடக்கு பின்தங்கியிருந்ததாகச் சொல்ல முடியாது.

ஆணையிட்டு ஆலை கட்டலாம், ஆணையிட்டு எஃகு உருக்கலாம். அந்த எஃகு நன்றாக இல்லை என்று திருப்பி அனுப்ப ஒரு வாங்குபவர் வேண்டும். வடக்கில் அப்படி ஒருவர் இல்லை. 1970-களில் மேற்கு நாடுகளிடம் கடனுக்கு இயந்திரங்கள் வாங்கினார்கள். அவற்றைக் கொண்டு உலகச் சந்தையில் விற்கும்படி எதையும் செய்ய முடியவில்லை, கடனையும் திருப்பிக் கட்ட முடியவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது மலிவு எண்ணெயும் போனது. அடுத்த சில ஆண்டுகளில் கொடும் பஞ்சம் வந்தது.

அமெரிக்கா பணத்தைக் கொட்டியது. யாருக்குக் கொட்டினாலும் வளர்ந்திருப்பார்களே?

கொட்டியது உண்மை. 1950-களில் தென் கொரியாவின் இறக்குமதியில் பெரும்பகுதிக்கு அமெரிக்க உதவிப் பணம்தான் ஈடு கொடுத்தது. ஆனால் உதவி உச்சத்தில் இருந்த அந்தப் பத்தாண்டில் வளர்ச்சி மந்தம். அதிபர் சிங்மன் ரீயின் அரசு நாணய மாற்று விகிதத்தைச் செயற்கையாக உயர்த்தி வைத்து, மலிவு டாலரையும் இறக்குமதி உரிமங்களையும் வேண்டியவர்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தது. ஆலை கட்டுவதைவிட உரிமம் வாங்குவது லாபமாக இருக்கும்போது யார் ஆலை கட்டுவார்கள்? உதவி சுருங்கத் தொடங்கிய 1960-களில்தான் வேகம் பிடித்தது.

காங்கோவின் சர்வாதிகாரி மொபூட்டுவுக்கும் பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்கோஸுக்கும்கூட வாஷிங்டன் பல ஆண்டுகள் தாராளமாகக் கொடுத்தது. இருந்தும், உதவிக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க மாட்டேன். போருக்குப் பின் பட்டினியைத் தடுத்தது அது. 1965-இல் ஜப்பானுடன் செய்த ஒப்பந்தத்தில் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் அரசுக் கடனும் வந்தன. வியட்நாம் போருக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைச் சுழற்சியில் அனுப்பியதிலும் வருமானம் வந்தது. இவையெல்லாம் பனிப்போரில் சரியான இடத்தில் அமைந்திருந்ததால் கிடைத்தவை. இந்த அதிர்ஷ்டத்தைச் சொல்லாமல் கொரியக் கதையைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

முதல் மாற்றம் எங்கே தொடங்கியது? தொழிற்சாலையிலா?

வயலில். பலரும் தாண்டிப்போகும் இடம் இது, அதனால் சற்று நின்று சொல்கிறேன். 1945-இல் கொரிய உழவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். விளைச்சலில் பாதியை வாரமாக, அதாவது குத்தகையாக, அளந்துவிட வேண்டும். கூடுதலாக உரம் போட்டு விளைவித்தாலும் பாதி போய்விடும்; நிலச்சுவான்தாருக்கோ எதுவும் செய்யாமலே பாதி வந்துவிடும். இருவருக்குமே நிலத்தில் பணம் போடக் காரணமில்லை.

1946-இல் வடக்கு அரசு நட்டஈடு இல்லாமல் நிலத்தைப் பறித்து உழவர்களுக்குக் கொடுத்தது. தெற்கில் இருந்தவர்கள் அதைக் கேள்விப்படாமல் இல்லை. அமெரிக்க ராணுவ நிர்வாகம் அவசரமாக, ஜப்பானியர் விட்டுப்போன நிலங்களை 1948-இல் குத்தகைதாரர்களுக்கே விற்றது. அடுத்து வந்த சட்டம் உச்சவரம்பை 3 சோங்போ, அதாவது ஏறத்தாழ 3 ஹெக்டேர், என்று வைத்தது. நம் கணக்கில் ஏழரை ஏக்கர். உழவர் செலுத்த வேண்டிய விலை ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கு. அதையும் ஐந்தாண்டு தவணையில் செலுத்தலாம். நிலச்சுவான்தார்களுக்குக் கிடைத்தது பணப் பத்திரம். போர்க்கால விலைவாசி அதைக் கிட்டத்தட்ட வெற்றுக் காகிதமாக்கிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ஒரு வர்க்கமே கரைந்துபோனது.

விளைச்சல் பெருகியது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறு: தொழில் கொள்கையைத் தடுத்து நிறுத்தும் பலம் கொண்ட நிலவுடைமைக் கூட்டம் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போனது. வாரம் கட்டாத குடும்பங்கள் மிஞ்சிய பணத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. இந்தச் சீர்திருத்தத்தை வகுத்த வேளாண் அமைச்சர் சோ போங்-ஆம் பிற்பாடு ரீயை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். உளவுக் குற்றம் சாட்டப்பட்டு 1959-இல் தூக்கிலிடப்பட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது.

நிலச்சீர்திருத்தம் இந்தியாவிலும்தானே நடந்தது?

சட்டம் நடந்தது. தமிழ்நாட்டின் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 30 தர ஏக்கரை (மண்ணின் தரத்தையும் கணக்கில் எடுத்த ஏக்கர்) உச்சவரம்பாக வைத்தது. 1970-இல் அது 15 ஆனது. அறக்கட்டளை, பினாமி, உறவினர் பெயரில் பாகப்பிரிவினை என்று வழி தேடிக்கொள்ள அவகாசமும் ஓட்டைகளும் தாராளமாக இருந்தன. கொரியாவில் எல்லைக்கு அப்பால் ஒரு கம்யூனிஸ்ட் அரசு நின்றது; நிலச்சுவான்தார்களில் பலர் ஜப்பானியருடன் ஒத்துழைத்தவர்கள் என்ற அவப்பெயரோடு இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஆளில்லை. இந்தியாவில் பெருநிலக்காரர்கள் பலர் ஆளும் கட்சியின் உள்ளேயே இருந்தார்கள்.

அரசு சலுகை கொடுத்துத் தொழிலை வளர்த்தது என்கிறார்கள். நாமும்தானே கொடுத்தோம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். அம்பாசடர் காரையும் ஹூண்டாய் காரையும் எடுத்துக்கொள்வோம். அம்பாசடர் 1950-களின் இறுதியில் ஆங்கிலேய மோரிஸ் காரின் அச்சில் வந்தது. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வராமல் அரசு காத்தது. வாங்குபவர்கள் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வண்டி அதே முகத்தோடு 2014 வரை ஓடிக்கொண்டிருந்தது.

ஹூண்டாய் தனது முதல் சொந்த மாடலான போனியை 1975-இல் செய்தது. வடிவமைப்பு இத்தாலியருடையது, எஞ்சின் மிட்சுபிஷியுடையது, பொறுப்பேற்று நடத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர். கொரியச் சந்தையும் அப்போது வெளிநாட்டுக் கார்களுக்கு மூடித்தான் இருந்தது. ஆனால் மலிவுக் கடனும் இறக்குமதித் தடையும் தொடர வேண்டுமானால் ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும். 1976-இல் ஈக்வடாருக்கு ஒரு கைப்பிடி கார்கள் போயின. பத்தே ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தை. 1998-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதே நிறுவனம் சாண்ட்ரோ தயாரிக்கத் தொடங்கியது. நாம் நாற்பதாண்டு காத்துவந்த வண்டியை நம் ஊரிலேயே வந்து ஓரங்கட்டிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று.

இரு நாடுகளும் பாதுகாப்புக் கொடுத்தன. ஒன்று நிபந்தனையோடு கொடுத்தது, மற்றது கொடுத்ததை மறந்துவிட்டது. சியோலில் அதிபர் பார்க் சுங்-ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தினார்; யார் எவ்வளவு விற்றார்கள் என்ற கணக்கு அவர் முன்னால் வைக்கப்பட்டது. உள்ளூர் அதிகாரியைச் சரிக்கட்டலாம். சிகாகோவில் பிளைவுட் வாங்குபவரைச் சரிக்கட்ட முடியாது. பலகை வளைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஏற்றுமதி என்பது டாலர் சம்பாதிக்கும் வழி மட்டுமன்று, யார் தேறினார்கள் என்று அரசுக்குப் பொய் சொல்லாத ஒரு தேர்வுத்தாள். 1960-களில் முன்னணியில் இருந்த கார் நிறுவனம் ஷின்ஜின். தேறாததால் அது கைமாறிக் கரைந்தது. யாரும் காப்பாற்றவில்லை.

அப்படி எதை ஏற்றுமதி செய்தார்கள்? ஆரம்பத்திலேயே கப்பலும் டிவியுமா?

சவுரி முடி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1960-களில் தென் கொரியாவின் முக்கிய ஏற்றுமதிகளில் பெண்களின் கூந்தலில் செய்த விக், பிளைவுட், ஆயத்த ஆடை ஆகியவை இருந்தன. 1964-இல் தங்கள் நாணயமான வோனின் மதிப்பை டாலருக்கு 130-லிருந்து 255 என்று ஒரேயடியாக இறக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. அந்த நாளையே ஏற்றுமதி நாளாக்கிக் கொண்டாடினார்கள். 1977-இல் 1,000 கோடி டாலர். 13 ஆண்டுகளில் 100 மடங்கு. கப்பல் 1970-களில்தான் வந்தது; உல்சானில் ஹூண்டாய் ஒரு பக்கம் கப்பல்தளம் கட்டிக்கொண்டே மறுபக்கம் முதல் கப்பலையும் கட்டியது.

இதில் சந்தை வென்றதா, அரசு வென்றதா?

இரு தரப்பும் கொரியாவைத் தங்கள் சாட்சியாக அழைக்கின்றன. போஹாங் எஃகு ஆலை அரசு தரப்புக்குப் பிடித்த கதை: இரும்புத் தாதும் இல்லை, நல்ல நிலக்கரியும் இல்லை, எஃகு செய்து பழக்கமும் இல்லை, இது தேறாது என்று உலக வங்கி கருதியது. 1968-இல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; நான்காம் கேள்வியில் சொன்ன ஜப்பானியப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஆலையைக் கட்டினார்கள். 1973-இல் எஃகு வந்தது. பிறகு உலகின் திறமையான எஃகு நிறுவனங்களில் ஒன்றானது.

சந்தை தரப்பு சொல்வதும் பொய்யில்லை. 1973-இல் தொடங்கிய கனரகத் தொழில் வெறியில் பல ஆலைகள் தேவைக்கு மேல் கட்டப்பட்டன, விலைவாசி எகிறியது, 1980-இல் பொருளாதாரமே சுருங்கியது. என் முடிவு: அரசு புத்திசாலியாக இருந்தது என்பதைவிட, தவறு தெரிந்ததும் கையை எடுத்தது என்பதே பெரிய செய்தி. தவறாத அரசு எங்கும் கிடையாது.

ஒரு கண்டிப்பான சர்வாதிகாரி வந்தால்தான் நாடு உருப்படும் என்பது உண்மையா?

பார்க் 1961-இல் ராணுவப் புரட்சியில் வந்தவர், 1979-இல் தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டு இறந்தவர். இடையில் நாடு வளர்ந்தது. இதிலிருந்து "சர்வாதிகாரம் வளர்ச்சி தரும்" என்று முடிவு கட்டுபவர்கள் மொபூட்டுவை எண்ணுவதில்லை, மார்கோஸை எண்ணுவதில்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிம் குடும்பத்தையும் எண்ணுவதில்லை. லாட்டரியில் வென்றவரை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு டிக்கெட் வாங்கச் சொல்வதுதான் இது. ஏழையாகவே நின்றுவிட்ட நாடுகளில் கணிசமானவை கண்டிப்பான மனிதர்களால்தான் ஆளப்பட்டன.

அந்த வளர்ச்சியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும். 1970 நவம்பர் 13 அன்று சியோலின் துணிச்சந்தையில் 22 வயதுத் தையல் தொழிலாளி ஜியோன் டே-இல், இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது மதியுங்கள் என்று கோரித் தீக்குளித்தார். "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்பது அவர் எழுப்பிய முழக்கம். காற்றோட்டமில்லாத பரண்களில் பதின்வயதுச் சிறுமிகள் நீண்ட நேரம் தைத்துக்கொண்டிருந்த காலம் அது.

1987-இல் மக்கள் போராட்டத்தால் நேரடித் தேர்தல் வந்தது. அப்போது சராசரி வருமானம் 4,000 டாலருக்கும் கீழே. இன்றைய தொகையை முதல் விடையில் பார்த்தோம். நாம் வியக்கிற கொரியாவின் பெரும்பகுதி ஜனநாயகத்தில் கட்டப்பட்டது.

இயற்கை வளம் இருந்தால் போதாதா? வளைகுடா நாடுகளைப் பாருங்கள்.

சிறிய மக்கள்தொகையும் பெரிய எண்ணெய்க் கிணறும் இருந்தால் பணக்காரர் ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் காங்கோவைப் பாருங்கள். தாமிரம், கோபால்ட், வைரம் எல்லாம் இருந்தும் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. 32 ஆண்டுகள் ஆண்ட மொபூட்டு, காட்டு நடுவில் இருந்த தன் ஊரான பாடோலிட்டேயில் கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை அமைத்துக்கொண்டார். சுரங்கத்திலிருந்து பணம் வரும்போது மக்களிடம் வரி கேட்க வேண்டியதில்லை. வரி கேட்காத அரசுக்கு மக்களின் வருமானம் உயர்வதில் அக்கறையும் இல்லை.

இதற்கு நேரெதிர் போட்ஸ்வானா. 1966-இல் விடுதலை பெற்றபோது நாடு முழுவதும் தார்ச்சாலை ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். மறு ஆண்டு ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அதிபர் செரெட்ஸே காமா தன் சொந்த இனக்குழுவின் நிலப்பகுதியில் இருந்த அந்தச் செல்வத்தைக் குழுவுக்கு என்று வைத்துக்கொள்ளாமல், கனிம உரிமை முழுவதையும் நாட்டுக்கு என்று சட்டமாக்கினார். பிற்பாடு வைர நிறுவனமான டி பியர்ஸோடு சரிபாதிப் பங்கு என்று பேரம் முடிந்தது. பணம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. தேர்தல்கள் தவறாமல் நடந்தன. அடுத்த மூன்று பத்தாண்டுகளில் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளின் வரிசையில் அது நின்றது. இன்று ஆய்வகத்தில் செய்த வைரங்கள் வந்ததும் அங்கே தள்ளாட்டம். வைரத்துக்கு அடுத்த தொழில் ஒன்று உருவாகவில்லை, வேலையின்மையும் ஏற்றத்தாழ்வும் கடுமை.

ஊழலை ஒழித்தாலே போதும், நாடு தானாக வளரும் அல்லவா?

கொரியாவில் ஊழல் இல்லை என்று நினைத்துக் கேட்கப்படும் கேள்வி இது. முன்னாள் அதிபர்கள் சுன் டூ-ஹ்வானும் ரோ டே-வூவும் தொழில் நிறுவனங்களிடம் கோடிக்கணக்கில் பணம் வாங்கியதற்காகவும் 1996-இல் தண்டிக்கப்பட்டார்கள். சேபோல் எனப்படும் பெருங்குடும்ப நிறுவனங்களின் தலைவர்கள் சிறைக்குப் போவதும் மன்னிப்பில் வெளிவருவதும் அங்கே பழகிப்போன காட்சி.

ஊழல் நல்லது என்று சொல்ல வரவில்லை. சலுகை பெற்றவர் ஏற்றுமதியில் தோற்றால், கொடுத்த லஞ்சம் அவரைக் காக்கவில்லை. ஷின்ஜினை நினைவில் வையுங்கள். பணம் கொடுத்தாலே போதும், எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை என்ற நாடுகளில்தான் ஊழல் வளர்ச்சியை முழுவதுமாகத் தின்றது.

காலனி ஆதிக்கம்தான் மூல காரணம். அதை ஏன் பேசுவதில்லை?

பேச வேண்டியதுதான். 1900-க்கும் 1947-க்கும் இடையே இந்தியரின் சராசரி வருமானம் அசையவே இல்லை என்று சொல்லத்தக்க அளவில் நின்றது. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு நடத்தியது கொள்ளையும் கொலையும். ஆனால் கொரியாவும் 1910 முதல் 1945 வரை ஜப்பானின் காலனிதான். ஆகவே காலனியாக இருந்தது என்பதோடு கதை முடிவதில்லை. என்ன விட்டுச் சென்றார்கள், வந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கானா நல்ல உதாரணம். கோகோ முழுவதையும் ஒரே வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்தது ஆங்கிலேய ஆட்சி. 1957-இல் விடுதலை பெற்ற பின் நாட்டின் முதல் தலைவர் நிக்ருமாவும் அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த வாரியத்தைக் கலைக்கவில்லை. உலகச் சந்தை விலைக்கும் உழவருக்குக் கொடுத்த விலைக்கும் இடையிலான தொகை அரசின் செலவுக்குப் போனது. உழவர்கள் மரம் நடுவதை நிறுத்தினார்கள், விளைந்ததைப் பக்கத்து ஐவரி கோஸ்டுக்குக் கடத்தினார்கள். பறிக்கும் கருவியைச் செய்தவர்கள் போன பின்பும் கருவி அங்கேயே இருந்தது.

இலங்கை 1948-இல் கொரியாவைவிட மேல் என்கிறார்களே, அது சரியா?

சரிதான். இலவசக் கல்வி, நல்ல சுகாதாரம், தேயிலை வருமானம், போரால் சிதையாத துறைமுகம். சிங்கப்பூரின் லீ குவான் யூவே அன்றைய கொழும்பை மதிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் விடுதலை பெற்ற ஆண்டிலேயே மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிபோனது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம். 1983-க்குப் பின் 2009 வரை போர். படித்தவர்கள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். யார் குடிமகன் என்பதிலேயே சண்டை நடக்கும் நாட்டில் இருபதாண்டு கழித்துப் பலன் தரும் ஆலைக்கு யார் பணம் போடுவார்கள்? 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. இவ்வளவுக்குப் பிறகும் இலங்கையரின் சராசரி வருமானம் இந்தியரைவிட அதிகம் என்பதையும் நம்மவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பு மட்டும் போதாது என்பதற்கும் இலங்கையே சாட்சி. படித்தவருக்கு வேலை கொடுக்கும் ஆலைகளும் கூடவே எழ வேண்டும்.

1997-இல் கொரியா திவாலாகப் பார்த்ததே? அப்போது இந்த முறை தோற்றது என்றுதானே பொருள்?

முறையின் ஒரு பகுதி தோற்றது. 1980-களுக்குப் பின் சேபோல்கள் அரசைவிடப் பெரிதாகிவிட்டன. பழைய நிபந்தனை தளர்ந்தது. கடன் மட்டும் பழையபடி ஓடியது. வெளிநாட்டு வங்கிகளிடம் குறுகிய காலத்துக்கு வாங்கி நீண்ட கால ஆலைகளில் போட்டார்கள். 1997 நவம்பரில் டாலர் கையிருப்பு வற்றிப் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கைநீட்ட வேண்டியதானது. மக்கள் திருமண மோதிரங்களைக்கூடக் கொடுத்து 200 டன்னுக்கும் மேல் தங்கம் சேர்ந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை. நான் சொல்ல விரும்புவது தேவூவைப் பற்றி. நாட்டின் மிகப் பெரிய குழுமங்களில் ஒன்றான அது 1999-இல் சரிந்தபோது அரசு அதை உடைத்து விற்றது. நிதியத்தின் கடன் 2001-இல் தவணைக்கு முன்பே தீர்க்கப்பட்டது.

இன்றைக்கு ஓர் ஏழை நாடு இதை அப்படியே பின்பற்றலாமா?

அப்படியே முடியாது. 1995-இல் வந்த உலக வர்த்தக அமைப்பின் விதிகள் ஏற்றுமதி மானியத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மலிவு உழைப்பு வேண்டிய இடத்தைச் சீனா நெடுங்காலம் பிடித்து வைத்திருந்தது. இயந்திரங்கள் இன்னும் மலிவாகிக்கொண்டிருக்கின்றன.

ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. 1979-இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புதிய நிறுவனம், இப்போது சொன்ன அதே தேவூவின் பூசான் ஆலைக்கு ஏறத்தாழ 130 பேரைப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகிச் சொந்த ஆலை தொடங்கினார்கள் அல்லது போட்டி நிறுவனங்களுக்குப் போனார்கள். முதலாளிக்கு நட்டம், நாட்டுக்கு ஒரு தொழில். அரசும் தன் பங்குக்கு, ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி கட்டாமல் இறக்கிக்கொள்ள வழி செய்தது. இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் வங்கதேசம் நிற்கிறது. அங்கும் விலை கொடுக்கப்பட்டது: 2013-இல் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சியோல் துணிச்சந்தையின் பரண்கள் டாக்காவுக்கு இடம் மாறியிருந்தன.

கடைசியாக, இவ்வளவு வளர்ந்து கொரியர்கள் நன்றாக இருக்கிறார்களா?

உணவு, மருத்துவம், ஆயுள், கல்வி என்று பார்த்தால் ஐயமில்லை, நன்றாக இருக்கிறார்கள். ஆனால் விக் தைத்த, சுரங்கம் வெட்டிய தலைமுறையில் பலருக்கு ஓய்வூதியம் வரும் முன்பே வயதாகிவிட்டது. பணக்கார நாடுகளில் முதியோர் வறுமை மிக அதிகமாக உள்ள இடங்களில் தென் கொரியாவும் ஒன்று. சியோலின் தெருக்களில் அட்டைப் பெட்டி பொறுக்கி எடைக்குப் போடும் பாட்டிகளை எளிதில் பார்க்கலாம்.

பிறப்பு விகிதமும் இருக்கிறது. 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை; மக்கள்தொகை நிலைத்து நிற்க 2.1 தேவை. வீட்டு வாடகை, தனிப்பயிற்சிச் செலவு, நீண்ட வேலை நேரம், வேலைக்குப் போகும் தாயை நிறுவனங்கள் நடத்தும் விதம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அதுவரை அரசு பெரும் தொகை செலவழித்தும் போக்கை மாற்ற முடியவில்லை. எஃகு ஆலைக்கு மாத இலக்கு வைத்த முறை இதில் செல்லுபடியாகவில்லை.